வெப் பேனல் இல்லாமல் ஸ்பாம்அசாசினைப் பராமரிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: டெபியன் 12 போட்ட ஒரு சிறிய சர்வர். அதில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், மெயில் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட், கூடவே ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போட்டு, எல்லையைத் தாண்டினால் ஸ்பாம் என்று குறிக்கும் ஸ்பாம்அசாசின். வெப் பேனல் கிடையாது. நூற்றுக்கணக்கான ஸ்பாம் மெயில்களை எஸ்ஏ-லேர்ன் மூலம் கற்றுக்கொடுத்தும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் நல்ல மெயில்கள் சிலவும் ஸ்பாம் என்று குறிக்கப்பட்டு ஜங்க் ஃபோல்டருக்குப் போகின்றன. டெர்மினலை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சரிசெய்வது, அப்புறம் எப்படித் தொடர்ந்து பராமரிப்பது?

பேனல் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஸ்பாம்அசாசின் முழுக்க முழுக்க கமாண்ட் லைனை நம்பி வளர்ந்த மென்பொருள். ஜஸ்டின் மேசன் 2001இல் இதை பெர்லில் எழுதி வெளியிட்டார்; 2004இல் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது. பேனல்கள் காட்டுவதெல்லாம் ஒரு எல்லை மதிப்பெண்ணும் சில பட்டியல்களும்தான். ஒரு குறிப்பிட்ட மெயிலுக்கு ஏன் 6.8 கிடைத்தது என்ற விவரம் டெர்மினலில்தான் முழுதாகக் கிடைக்கும். ஒரு குறிப்பு: கமாண்ட் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி எழுதுகிறேன், நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும். உங்கள் சர்வரில் ஸ்பாம்அசாசின் எந்த யூசரின் பெயரில் மெயிலைச் சோதிக்கிறது? உங்கள் இரண்டு பிரச்சினைகளில் முதலாவதற்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஸ்பாம்அசாசினில் கற்றுக்கொண்ட தரவு, தனிப்பட்ட விருப்பங்கள் எல்லாமே இயல்பாக அந்தந்த யூசரின் ஹோம் ஃபோல்டருக்குள் '.ஸ்பாம்அசாசின்' என்ற மறைவான ஃபோல்டரில் சேர்கின்றன. நீங்கள் ரூட்டாக லாகின் செய்து எஸ்ஏ-லேர்ன் ஓட்டினால் ரூட்டின் ஹோமுக்குள் ஒரு தரவுத்தளம் வளரும். வரும் மெயிலைச் சோதிப்பதோ டெபியன்-ஸ்பாம்டி என்ற யூசர். அது தன் ஹோமான /வார்/லிப்/ஸ்பாம்அசாசின் என்ற இடத்தில் இருக்கும் தரவைத்தான் பார்க்கும். ரூட்டுக்கு எத்தனை ஆயிரம் மெயிலைக் கற்றுக்கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் எட்டாது.

ஊகிக்கத் தேவையில்லை, லாகே சொல்லிவிடும். பின்னணியில் ஓடிக்கொண்டே மெயிலைச் சோதிக்கும் நிரலின் பெயர் ஸ்பாம்டி. அதன் லாகைப் பார்க்க ஜர்னல்சிடிஎல் -யு ஸ்பாம்டி என்று அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் 'ரிசல்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ஒய் என்றால் ஸ்பாம், புள்ளி என்றால் இல்லை. அதைத் தொடர்ந்து மதிப்பெண், பொருந்திய விதிகளின் பெயர்கள், எடுத்துக்கொண்ட நேரம், மெயிலின் அளவு, யூசர், பேயஸ் மதிப்பு (கற்ற மெயில்களோடு ஒப்பிட்டு, இது ஸ்பாமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்), தானாகக் கற்றதா இல்லையா என்று எல்லாம் ஒரே வரியில் வரும். அந்த 'யூசர்=' என்ற இடத்தில் இருக்கும் பெயர்தான் நீங்கள் தேடுவது. அங்கே 'நோபடி' என்று இருந்தால், அழைக்கும் நிரல் யூசர் பெயரே கொடுக்கவில்லை என்று பொருள். ரூட்டாக ஓடும் ஸ்பாம்டிக்கு யூசர் பெயர் கிடைக்காவிட்டாலோ, ரூட் என்றே கிடைத்தாலோ, பாதுகாப்புக்காக நோபடிக்கு மாறிக்கொள்ளும். நோபடிக்கு எழுதக்கூடிய ஹோம் கிடையாது என்பதால் அதனால் எதையும் கற்று வைத்துக்கொள்ள முடியாது. போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில், மெயிலை ஸ்பாம்டியிடம் கொடுக்கும் ஸ்பாம்சியை அழைக்கும் வரியில் 'யூசர்=டெபியன்-ஸ்பாம்டி' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் தெரிந்ததும் அந்த யூசராகவே கேளுங்கள்: சுடோ -யு டெபியன்-ஸ்பாம்டி -ஹெச் எஸ்ஏ-லேர்ன் --டம்ப் மேஜிக். அந்தப் பெரிய எழுத்து ஹெச்சை விட்டுவிடாதீர்கள். ஹோம் ஃபோல்டரை மாற்றச் சொல்வது அதுதான். எஸ்ஏ-லேர்னுக்கே -யு என்று ஒரு விருப்பம் உண்டு, ஆனால் அது எஸ்க்யூஎல் போன்ற சேமிப்பில் யூசர் பெயரைக் குறிக்க உதவுவது. கோப்பில் சேமிக்கும்போது யூசரை மாற்றித் தராது. இந்த இரண்டு -யுவையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

டம்ப் மேஜிக் காட்டும் வரிகளில் என்ஸ்பாம், என்ஹாம் இரண்டையும் பாருங்கள். கற்ற ஸ்பாம் எத்தனை, கற்ற நல்ல மெயில் எத்தனை என்பது அது. நல்ல மெயிலை ஹாம் என்பது இந்தத் துறையின் வழக்கு. இரண்டும் தனித்தனியே 200ஐத் தொடும்வரை பேயஸ் விதிகள் வேலையே செய்யாது. ஐநூறு ஸ்பாமைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஹாம் பக்கம் முப்பதோடு நிறுத்தியிருந்தால், மாற்றம் தெரியாததற்கு அதுவே காரணம். ஸ்பாமைக் கொடுக்க எல்லோருக்கும் கை துடிக்கிறது. நல்ல மெயிலைக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டையும் ஏறக்குறைய சம அளவில் கொடுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு வழக்கமாக வரும் இன்வாய்ஸ், கொட்டேஷன், வங்கி அறிவிப்பு போன்றவற்றை ஹாமாகக் கற்றுக்கொடுத்தால், இரண்டாவது பிரச்சினையான நல்ல மெயில் பிடிபடுவதும் கணிசமாகக் குறையும். நல்ல மெயில் என்று பேயஸ் உறுதியாக நம்பினால் பேயஸ்_00 பொருந்தி 1.9 குறையும், ஸ்பாம் என்று உறுதியாக நம்பினால் பேயஸ்_99 பொருந்தி 3.5 கூடும். எல்லை 5 என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று புரியும்.

கற்றுக்கொடுக்கும் கமாண்ட் எளிது. எஸ்ஏ-லேர்ன் --ஸ்பாம் என்று கொடுத்து மெயில்டிர் ஃபோல்டரின் 'கர்' என்ற உள் ஃபோல்டரைக் காட்டினால் போதும். நல்ல மெயிலுக்கு --ஹாம். எம்பாக்ஸ் கோப்பாக இருந்தால் --எம்பாக்ஸ் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முழுக் கோப்பையும் ஒரே மெயிலாக எடுத்துக்கொள்ளும். முடிவில் எத்தனை மெயிலைப் பார்த்தது, எத்தனையிலிருந்து கற்றது என்று சொல்லும். 25ஐப் பார்த்து 0 கற்றது என்று வந்தால் பதற வேண்டாம். அவற்றை முன்பே கற்றிருக்கிறது என்று பொருள். ஒருமுறை ஸ்பாம் என்று கற்ற மெயிலைப் பிறகு ஹாம் என்று கொடுத்தால், பழையதைத் தானே மறந்துவிட்டுப் புதிதாகக் கற்கும். எனவே தவறாக வகைப்படுத்திவிட்டால் சரியான பக்கத்தில் இன்னொரு முறை கொடுப்பதே போதுமானது.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஃபார்வர்ட் செய்த மெயில். பயனர்கள் தங்களுக்கு வந்த ஸ்பாமை உங்களுக்கு ஃபார்வர்ட் செய்து, அதை நீங்கள் கற்றுக்கொடுத்தால், மூல ஹெடர்கள் (மெயில் எங்கிருந்து, எப்படி வந்தது என்ற மேல்விவரங்கள்) எதுவும் அதில் இருக்காது. ஸ்பாம் அனுப்பியவரின் அடையாளங்களுக்குப் பதிலாக உங்கள் சக ஊழியரின் கையெழுத்தும் மெயில் நிரலின் பெயரும் ஸ்பாமின் அறிகுறிகளாகப் பதியும். எப்போதும் சர்வரில் இருக்கும் மூலக் கோப்பையே கொடுங்கள். டவ்காட் இருப்பதால் உங்களுக்கு இன்னும் வசதியான வழி உண்டு: ஐமேப்சீவ் என்ற ப்ளகின் மூலம், பயனர் ஒரு மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டதும் அதுவே எஸ்ஏ-லேர்னை அழைக்கும்படி செய்யலாம். வெளியே எடுத்தால் ஹாமாகக் கற்கும்படியும் செய்யலாம். ஒருமுறை உட்கார்ந்து அமைத்துவிட்டால் பயிற்சி வேலை பயனர்கள் கையிலேயே நடந்துவிடும். இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது, கோப்பின் உரிமை. ரூட்டாக இருந்துகொண்டே டெபியன்-ஸ்பாம்டியின் தரவுத்தளத்தை --டிபிபாத் மூலம் காட்டி ஓட்டினால், புதிதாக உருவாகும் பேயஸ்_டாக்ஸ், பேயஸ்_சீன் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடலாம். அன்றிலிருந்து சோதிக்கும் யூசரால் அவற்றைத் திறக்க முடியாது. மெயில் நிற்காது, யாருக்கும் எச்சரிக்கையும் போகாது, முடிவு வரியிலிருந்து பேயஸ் விதிகள் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். லாகில் 'பெர்மிஷன் டினைடு' என்று பேயஸ் பற்றி ஒரு வரி வந்திருக்கும். எல்எஸ் -எல் போட்டு உரிமையைப் பார்த்து, சோன் கமாண்டால் சோதிக்கும் யூசருக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தரவுத்தளம் வைக்க நினைத்து, ஸ்பாம்அசாசினின் அமைப்புக் கோப்பான லோக்கல்.சிஎஃப்பில் பேயஸ்_பாத் எழுதுவதாக இருந்தால், அதன் கடைசிப் பகுதி ஃபோல்டர் பெயர் அல்ல, கோப்புப் பெயரின் முன்னொட்டு என்பதை நினைவில் வையுங்கள். '/வார்/லிப்/ஸ்பாம்அசாசின்/பேயஸ்/பேயஸ்' என்று இரண்டு முறை வருவது எழுத்துப்பிழை இல்லை, அப்படித்தான் எழுத வேண்டும்.

சரி, இப்போது நல்ல மெயில் ஏன் பிடிபடுகிறது என்ற பக்கம் வருவோம். பிடிபட்ட ஒரு மெயிலின் மூலத்தைத் திறந்து எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் ஹெடரைப் படியுங்கள். விதிகளின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண் என்று தெரிய, அந்தக் கோப்பை ஸ்பாம்அசாசின் -டி (டெஸ்ட்டின் முதல் எழுத்து, சிறிய t) கமாண்டுக்கு உள்ளீடாகக் கொடுங்கள். மெயிலின் கடைசியில் புள்ளி, விதியின் பெயர், விளக்கம் என்று ஓர் அட்டவணையே போட்டுத் தரும். இன்னும் ஆழமாகப் போக -டி (டீபக்கின் முதல் எழுத்து, பெரிய D) சேர்த்து, பின்னால் பேயஸ், டிஎன்எஸ் என்று பகுதியின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பகுதியின் உள்விவரம் மட்டும் வரும். பகுதி சொல்லாமல் ஓட்டினால் திரை நிரம்பி வழியும், தேடுவது கண்ணில் படாது. இதையும் சோதிக்கும் யூசராகவே ஓட்டுங்கள்.

அதே கோப்பை ஸ்பாம்சி -ஆர் (பெரிய எழுத்து) கமாண்டுக்கும் கொடுத்துப் பாருங்கள். ஸ்பாம்சி ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாம்டியிடம் போய்க் கேட்கிறது. ஸ்பாம்அசாசின் என்ற கமாண்டோ ஸ்பாம்டியைத் தொடாமல், அமைப்புக் கோப்புகளை அந்த நொடியில் புதிதாகப் படித்துச் சோதிக்கிறது. இரண்டும் வேறு வேறு மதிப்பெண் சொன்னால், ஒன்று யூசர் வேறாக இருக்கும், அல்லது அமைப்பை மாற்றிவிட்டு ஸ்பாம்டியை ரீலோட் செய்ய மறந்திருப்பீர்கள். நான் முதலில் செய்யும் சோதனை இதுதான். பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இன்னும் டெலிவரி ஆகாமல் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் நிற்கும் மெயிலையும் இப்படிச் சோதிக்கலாம். போஸ்ட்க்யூ -பி காட்டும் அடையாள எண்ணை எடுத்து, போஸ்ட்கேட் கமாண்டுக்கு -ஹெச், -பி, -க்யூ மூன்றையும் சேர்த்து அந்த எண்ணோடு கொடுத்து, வெளிவருவதை ஸ்பாம்சிக்குக் குழாய் வழியே அனுப்பினால் போதும்.

விதிகளின் பெயரைப் படிக்கும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல சான்று 2010 ஜனவரி 1 அன்று நடந்தது. எஃப்ஹெச்_டேட்_பாஸ்ட்_20எக்ஸ்எக்ஸ் என்றொரு விதி, மெயிலில் உள்ள தேதி வெகுதூர எதிர்காலத்தில் இருந்தால் மதிப்பெண் ஏற்றுவதற்காக எழுதப்பட்டது. அதன் தேடல் வடிவம் 2010 முதல் 2099 வரை எல்லா ஆண்டையும் எதிர்காலம் என்றே கருதியது. புத்தாண்டு பிறந்ததும் உலகம் முழுக்க ஒழுங்கான மெயில்களுக்கெல்லாம் மூன்றுக்கும் மேல் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. திருத்தம் வளர்ச்சிக் கிளையில் முன்பே இருந்தும், அப்டேட் வழியாகப் பயனர்களைச் சென்றடைந்திருக்கவில்லை. ஹெடரைப் படித்தவர்கள் ஒரே விதி எல்லா மெயிலிலும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அதன் மதிப்பெண்ணை 0 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஹெடரைப் படிக்காதவர்களுக்கு எல்லையை 5இலிருந்து 8க்கு உயர்த்துவதுதான் தோன்றியிருக்கும், அதோடு உண்மையான ஸ்பாமும் உள்ளே வந்திருக்கும்.

உங்கள் ஹெடர்களில் யூஆர்ஐபிஎல்_பிளாக்டு என்ற பெயர் தென்படுகிறதா என்று குறிப்பாகத் தேடுங்கள். மதிப்பெண் வெறும் 0.001 என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது நிர்வாகிக்கான அறிவிப்பு: உங்கள் சர்வரிலிருந்து போகும் டிஎன்எஸ் கேள்விகளுக்கு, ஸ்பாமில் வரும் இணைப்பு முகவரிகளைத் தொகுக்கும் யூஆர்ஐபிஎல் என்ற கறுப்புப் பட்டியல் பதில் தர மறுக்கிறது. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் சேவை) பயன்படுத்தினால் இது நடக்கும். லட்சக்கணக்கானோரின் கேள்விகள் ஒரே முகவரியிலிருந்து வருவதால் இலவச வரம்பைத் தாண்டிவிட்டது என்று பட்டியல் நடத்துவோர் அடைத்துவிடுகிறார்கள். விளைவு, ஸ்பாமைப் பிடிக்கும் மிக வலுவான கருவி ஒன்று உங்களிடம் இல்லாமலேயே போகிறது. இதேபோல் மறுக்கக்கூடிய ஸ்பாம்ஹவுஸ் என்ற இன்னொரு பட்டியலை வைத்துச் சோதிக்கலாம்: டிக் கமாண்டால் 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் என்ற சோதனை முகவரியைக் கேட்டுப் பாருங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று வந்தால் நலம். 127.255.255.254 என்று வந்தால் பொது ரிசால்வர் என்பதால் மறுத்திருக்கிறார்கள். தீர்வு, அன்பவுண்டு என்ற ரிசால்வரை அதே சர்வரில் நிறுவி, கேள்விகளை வேறு எவருக்கும் தள்ளிவிடாமல் தானே விசாரிக்கும்படி விட்டு, லோக்கல்.சிஎஃப்பில் டிஎன்எஸ்_சர்வர் 127.0.0.1 என்று ஒரு வரி சேர்ப்பது. சிறிய சர்வர்களில் ஸ்பாம் பிடிபடும் அளவு சட்டென்று கூடுவது பலமுறை இந்த ஒரு மாற்றத்தால்தான்.

இன்னொன்று, டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ். உங்கள் சர்வருக்கு முன்னால் வேறொரு ரிலே நின்று மெயிலை வாங்கித் தள்ளுகிறது என்றால், அதன் ஐபியை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்பாம்அசாசின் அந்த ரிலேயையே அனுப்புநராக நினைத்து எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) பார்க்கும், கறுப்புப் பட்டியலிலும் அதையே தேடும். எஸ்பிஎஃப் தோல்வி என்ற விதி ஒழுங்கான நிறுவனங்களின் மெயிலில் தொடர்ந்து வந்தால் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. நேரடியாக இணையத்திலிருந்து மெயில் வாங்குகிறீர்கள் என்றால் இதைத் தொடத் தேவையில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டும். எல்லா மாற்றமும் /எட்சி/ஸ்பாம்அசாசின்/லோக்கல்.சிஎஃப் கோப்பில் மட்டும். /வார்/லிப்/ஸ்பாம்அசாசின், /யூஎஸ்ஆர்/ஷேர்/ஸ்பாம்அசாசின் இரண்டிலும் இருக்கும் விதிக் கோப்புகளைத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். 'ஸ்கோர்' என்று எழுதி, விதியின் பெயர், எண் கொடுத்தால் அந்த மதிப்பு நிலைக்கும். எண்ணை அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் இருக்கும் மதிப்போடு அது கூட்டப்படும். வருங்காலத்தில் மூல மதிப்பு மாறினாலும் உங்கள் திருத்தம் அதைத் தொடர்ந்து போகும் என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும். 0 கொடுத்தால் விதி ஓடவே ஓடாது. விதிக் கோப்புகளில் ஒரே விதிக்கு நான்கு எண்கள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பேயஸ், நெட்வொர்க் சோதனை இரண்டும் இல்லாதபோது, நெட்வொர்க் மட்டும் இருக்கும்போது, பேயஸ் மட்டும் இருக்கும்போது, இரண்டும் இருக்கும்போது என்ற வரிசை அது. உங்களுக்குப் பொருந்துவது நான்காவது.

வாடிக்கையாளரின் மெயிலைக் காப்பாற்ற வெல்கம்லிஸ்ட்_ஃப்ரம் என்ற வரியை எழுதச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். 4.0க்கு முன்பு ஒயிட்லிஸ்ட்_ஃப்ரம் என்றிருந்தது, பழைய பெயரும் வேலை செய்கிறது. அதை நான் விரும்புவதில்லை. அது ஃப்ரம் முகவரியை அப்படியே நம்பி 100 மதிப்பெண் குறைக்கும். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் பொய்யாகப் போட முடியும், மோசடி மெயில் அனுப்புகிறவர் முதலில் போடுவதும் உங்கள் வாடிக்கையாளரின் பெயரைத்தான். அதற்குப் பதில் வெல்கம்லிஸ்ட்_ஆத் பயன்படுத்துங்கள். எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயிலில் உள்ள டிஜிட்டல் கையொப்பம்) சரிபார்ப்பில் தேறினால்தான் அது சலுகை தரும்.

மாற்றியதும் ஸ்பாம்அசாசின் --லின்ட். எதுவும் சொல்லாமல் திரும்பினால் எல்லாம் சரி. ஏதாவது வரி வந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீலோட் ஸ்பாம்டி. டெபியன் 12இல் ஸ்பாம்டி தனிப் பேக்கேஜாகப் பிரிந்துவிட்டது, சர்வீஸின் பெயரும் மாறிவிட்டது. 'ரீஸ்டார்ட் ஸ்பாம்அசாசின்' என்று முடியும் பழைய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் சர்வீஸ் இல்லை என்று பதில் வரும்.

தமிழில் மெயில் வாங்கும் சர்வராக இருந்தால் இதையும் பார்த்துவிடுங்கள். டெக்ஸ்ட்கேட் என்ற ப்ளகின் மெயிலின் மொழியைக் கணிக்கிறது. அது இயல்பாக அணைந்தே இருக்கும். எங்கோ படித்த குறிப்பை நம்பி அதை இயக்கி, ஓகே_லாங்குவேஜஸ் என்ற வரியில் ஆங்கிலத்தை மட்டும் போட்டிருந்தால், தமிழில் வரும் ஒவ்வொரு மெயிலும் வேண்டாத மொழி என்று மதிப்பெண் வாங்கும். அந்த வரியில் தமிழுக்கான 'டிஏ' குறியீட்டையும் சேருங்கள், அல்லது ப்ளகினையே அணைத்துவிடுங்கள். மறுபக்கம், சொற்றொடர்களைத் தேடும் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. தமிழில் வரும் கடன் விளம்பரம், வீட்டிலிருந்தே வேலை என்ற ஆசைகாட்டல் போன்றவற்றை அவை கண்டுகொள்ளாது. அங்கே கைகொடுப்பது பேயஸும் டிஎன்எஸ் பட்டியல்களும்தான். ஆகவே தமிழ் ஸ்பாம், தமிழ் நல்ல மெயில் இரண்டையும் தேடிப்பிடித்துக் கற்றுக்கொடுங்கள். தமிழ் ஸ்பாமை மட்டும் கொடுத்தால் தமிழ்ச் சொற்களே ஸ்பாமின் அறிகுறி என்று பேயஸ் முடிவுகட்டிவிடும், பிறகு அம்மா அனுப்பும் மெயிலும் ஜங்க்குக்குப் போகும்.

விதிகளைப் புதுப்பிப்பது எஸ்ஏ-அப்டேட். டெபியன் 12இல் ஸ்பாம்அசாசின்-மெயின்டெனன்ஸ் என்ற டைமரை எனேபிள் செய்துவிட்டால் நாள்தோறும் தானே நடக்கும். கையால் ஓட்டினால் மறுபடியும் டெபியன்-ஸ்பாம்டியாகவே ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகி, மறுநாள் டைமரால் அவற்றின் மேல் எழுத முடியாமல் போகலாம். எக்ஸிட் கோடு 0 என்றால் புதிய விதிகள் வந்து நிறுவப்பட்டன, 1 என்றால் புதிதாக ஒன்றுமில்லை. 1ஐப் பிழை என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் உண்டு, அது பிழை அல்ல. 2 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பார்க்க வேண்டும். பழைய சர்வர் ஏதாவது கைவசம் இருந்தால் பதிப்பைச் சரிபாருங்கள்: 2020 மார்ச் 1 முதல் எஸ்ஹெச்ஏ-1 கையொப்பத்தோடு விதிகள் வெளியிடுவது நின்றுவிட்டதால், 3.4.2க்கு முந்தைய பதிப்புகள் அன்றைய விதிகளோடு அப்படியே தேங்கிவிட்டன.

போஸ்ட்ஃபிக்ஸுக்கும் ஸ்பாம்அசாசினுக்கும் இடையில் அமாவிஸ் என்ற வடிகட்டும் நிரல் இருந்தால் மேலே சொன்னதில் சில மாறும். அமாவிஸ் ஸ்பாம்டியை அழைப்பதில்லை. ஸ்பாம்அசாசினின் பெர்ல் நூலகத்தைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. எனவே சோதிக்கும் யூசர் அமாவிஸ், பேயஸ் இருப்பது /வார்/லிப்/அமாவிஸ் ஃபோல்டருக்குள், ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதும் அமாவிஸைத்தான். லோக்கல்.சிஎஃப்பில் எழுதிய ரிக்வயர்டு_ஸ்கோர் என்ற எல்லை மதிப்பெண்ணையும் மெயில் தலைப்பு மாற்றத்தையும் அது மதிக்காது. அதன் சொந்த அமைப்பில் ஸ்பாம் என்று குறிக்க டேக்2, தடுக்க கில் என்ற இரண்டு எல்லைகள் உண்டு, டெபியனில் இரண்டுமே 6.31. ரிக்வயர்டு_ஸ்கோரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லையே என்று சலித்துப்போகிறவர்களின் சர்வரில் பார்த்தால் அமாவிஸ் இருக்கும்.

ஸ்பாம்சியின் இரண்டு இயல்புகளையும் தெரிந்துவைத்திருங்கள், 'ஸ்பாம் சோதிக்கப்படாமலே வந்துவிட்டது' என்ற புகாருக்கு இவை விடை. ஸ்பாம்டி ஓடவில்லை என்றால் ஸ்பாம்சி மெயிலைத் தடுக்காது, தொடாமல் அப்படியே அனுப்பிவிடும். மெயில் தொலையக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியான முடிவும்கூட. அதேபோல் 500 கேபியைவிடப் பெரிய மெயிலையும் சோதிக்காமல் விட்டுவிடும். படம் ஒட்டிய பெரிய ஸ்பாம்கள் உள்ளே வருவது இந்த வழியாகத்தான். -எஸ் விருப்பத்தில் அளவைக் கூட்டலாம், ஆனால் நினைவகம் குறைவான சர்வரில் மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். எக்ஸ்-ஸ்பாம் ஹெடரே இல்லாத மெயில் வந்தால் முதலில் அளவைப் பாருங்கள், அடுத்து அந்த நேரத்து லாகைப் பாருங்கள்.

கடைசியாக பேக்கப். எஸ்ஏ-லேர்ன் --பேக்கப் என்று சோதிக்கும் யூசராக ஓட்டி, வெளிவருவதை ஒரு கோப்பில் சேமியுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் வேறு சர்வருக்கோ, ரெடிஸ் அல்லது எஸ்க்யூஎல் சேமிப்புக்கோ மாறும்போதும் --ரீஸ்டோர் மூலம் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். பேயஸ்_டாக்ஸ் கோப்பை நேரடியாக நகலெடுப்பதில் இந்த வசதி இல்லை. ஸ்பாம்டி எழுதிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் கெட்டும் போகலாம். --ரீஸ்டோர் ஏற்கெனவே இருக்கும் தரவை அழித்துவிட்டுத்தான் ஏற்றும் என்பதால், எந்த யூசராக இருக்கிறீர்கள் என்று ஹூஅமஐ போட்டுப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். இப்போது ரூட்டின் ஹோமில் வீணாகக் கிடக்கும் உங்கள் பயிற்சியையும் இதே வழியில் மீட்கலாம். ரூட்டாக பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை டெபியன்-ஸ்பாம்டி படிக்கும்படி வைத்து, அந்த யூசராக ரீஸ்டோர் செய்யுங்கள். டெபியன்-ஸ்பாம்டியிடம் ஏற்கெனவே தானாகக் கற்றது ஏதாவது இருந்தால் அதற்கு முன் அதையும் தனியே பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டம்ப் மேஜிக்கில் என்ஹாம் 200ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் இன்பாக்ஸிலிருந்து நல்ல மெயில்களைக் கொடுத்து நிரப்புங்கள்.